எம்பிஏ விருப்பப் பாடங்கள்: எதை எடுப்பது, எதை விடுவது

முதல் ஆண்டு முடிகிற தறுவாயில் ஒரு மின்னஞ்சல் வரும். எண்பது, நூறு பாடங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வரி விவரம், "அடுத்த வாரத்துக்குள் தேர்வு செய்யவும்" என்று ஒரு கெடு. அதுவரை எந்தப் பாடம், எந்த அறை, எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் கல்லூரியே முடிவு செய்துகொண்டிருந்தது. திடீரென்று பொறுப்பு நம் தலையில் விழும்.

நான் அன்று செய்தது இதுதான்: பக்கத்து இருக்கைக்காரர் என்ன எடுக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். அவர் நான்கு ஃபைனான்ஸ் பாடங்கள் எடுத்திருந்தார், நானும் எடுத்தேன். அவர் அதற்கு முன் வங்கியில் வேலை பார்த்தவர், மறுபடி அங்கேயே போகப் போகிறவர். நான் போனதோ ஒரு நுகர்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கு. முதல் வாரமே ஒரு விநியோகஸ்தருடன் கமிஷன் பற்றிப் பேரம் பேச உட்கார வைத்தார்கள். ஆப்ஷன் (குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலை கணக்கிடத் தெரிந்த எனக்கு, எதிரே இருப்பவர் "முடியாது" என்று சொன்னால் அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அதன்பிறகு சில ஆண்டுகளாக ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்லிவருவதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற விதி ஒன்றுதான்: வகுப்பில் உட்கார்ந்தால்தான் வசப்படும் என்கிற பாடத்துக்கு உங்கள் இடத்தைச் செலவழியுங்கள். தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்ள முடிகிறதை வெளியே விடுங்கள்.

முதல் படி: விதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாதவர்கள்தான் கடைசி டெர்மில், அதாவது பருவத்தில், ஒரு கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) குறைகிறது என்று அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். பட்டம் பெற மொத்தம் எத்தனை கிரெடிட் வேண்டும், அதில் கட்டாயப் பாடங்கள் போக மிச்சம் எவ்வளவு, ஒரு டெர்மில் அதிகபட்சம் எத்தனை எடுக்கலாம், ஸ்பெஷலைசேஷன் என்று சான்றிதழில் வர ஒரே துறையில் எத்தனை பாடம் முடிக்க வேண்டும், முழுப் பாடம் எது, அரைப் பாடம் எது. இவ்வளவுதான்.

கல்லூரிக்குக் கல்லூரி இது மிகவும் மாறும். ஹார்வர்டில் முதல் ஆண்டு முழுக்கக் கட்டாயப் பாடம், இரண்டாம் ஆண்டு முழுக்க விருப்பப் பாடம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பூத் கல்லூரியில் எல்லாரும் எடுத்தே ஆக வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று; மற்றதெல்லாம் ஒரு சட்டகத்துக்குள் மாணவரின் தேர்வு. பிரான்சின் இன்சியாட் கல்லூரியில் படிப்பே பத்து மாதம்தான் என்பதால் யோசிக்கக் கிடைக்கிற அவகாசமும் அதற்கேற்பச் சுருங்கிவிடும். ஆகவே வேறு கல்லூரியில் படித்த அண்ணன் சொன்னதை அப்படியே பின்பற்றாதீர்கள்.

இன்னொன்று, முன்தேவைப் பாடங்கள். ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்களைப் பற்றிய டெரிவேட்டிவ்ஸ் எடுக்க கார்ப்பரேட் ஃபைனான்ஸும் புள்ளியியலும் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனங்களை மதிப்பிடும் வேல்யுவேஷன் பாடத்துக்கு அக்கவுண்டிங் இல்லாமல் போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும். சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். கடைசி டெர்மில் எடுக்க விரும்பும் பாடத்திலிருந்து பின்னோக்கி ஒரு கோடு வரைந்து பாருங்கள். அதற்கு முன் முடிக்க வேண்டியது எந்த டெர்மில் நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டாம் படி: வேலையின் முதல் ஆறு மாதத்தை நினையுங்கள்

"எதில் ஆர்வம்?" என்று கேட்டால் யாருக்கும் நேர்மையான பதில் வராது. "வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் உன் மேசைக்கு என்ன வரும்?" என்று கேட்டால் வரும். முதலீட்டு வங்கியில் சேர்ந்தால் எக்செல் மாடல் வரும். வேல்யுவேஷனும் கையகப்படுத்தல் பாடமும் அப்போது அவசியம். பிராண்ட் மேனேஜர் ஆகப் போகிறவருக்கு ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வரும். மார்க்கெட்டிங் ரிசர்ச் படிக்காதவர் அந்த அறிக்கையில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் முழிப்பார். கன்சல்டிங் போகிறவருக்கு நாளுக்கொரு துறை மாறும். ஆகவே அவர் ஒரே துறையில் ஆறு பாடம் எடுப்பது வீண்.

எங்கே போகப் போகிறோம் என்று தெரியாதவர்களும் இருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் முதல் டெர்மில் இரண்டு வெவ்வேறு துறைகளில் தலா ஒரு பாடம் எடுத்து, எந்தப் பாடத்தின் வீட்டுவேலையைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாமல் செய்கிறோம் என்று தம்மைத் தாமே கவனித்துப் பார்க்கலாம். வாய் சொல்வதைவிட அது உண்மையான பதில்.

மூன்றாம் படி: இதற்கு வகுப்பறை தேவையா?

நான் மேலே சொன்ன விதி இங்கேதான் வேலை செய்கிறது. துறை துறையாகப் பார்ப்போம். எல்லாத் துறைக்கும் சம இடம் தர மாட்டேன்.

நெகோசியேஷன், அதாவது பேரப் பேச்சு. என்னைக் கேட்டால் எந்த ஸ்பெஷலைசேஷன் எடுத்தவரும் தவறவிடக் கூடாத பாடம். வகுப்பு நடக்கும் விதமே வேறு. இருவர் இருவராகப் பிரித்து ஒருவருக்கு விற்பவர் தாள், மற்றவருக்கு வாங்குபவர் தாள் தருவார்கள். இரண்டு தாளிலும் எதிராளிக்குத் தெரியாத ரகசியக் குறிப்பு இருக்கும். அரை மணி நேரம் பேசி முடித்ததும் எல்லா ஜோடிகளும் எட்டிய விலையைப் பலகையில் எழுதுவார்கள். ஒரே தகவலை வைத்துக்கொண்டு ஒருவர் அள்ளிக்கொண்டு போயிருப்பார், இன்னொருவர் கோட்டை விட்டிருப்பார். அந்தப் பலகையைப் பார்த்து வருகிற பாடம் எந்தப் புத்தகத்திலும் வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இந்தப் பாடத்துக்காகவே சொன்னதுபோல இருக்கிறது.

இதே வகையில் சேர்வது மனித உறவுகள் பற்றிய குழுப் பயிற்சிப் பாடங்கள். ஸ்டான்ஃபோர்டில் இன்டர்பெர்சனல் டைனமிக்ஸ் என்ற விருப்பப் பாடம் பல பத்தாண்டுகளாக மாணவர்களிடையே மிகப் பிரபலம். 'டச்சி ஃபீலி' என்று செல்லப் பெயரே உண்டு. சிறு குழுவாக வட்டமாக உட்கார்ந்து, நீ பேசும்போது எனக்கு எப்படி இருந்தது என்று ஒருவருக்கொருவர் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்வார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கிறதல்லவா? சங்கடமாக இருப்பதால்தான் அது தனியாகப் படித்து வராது.

ஆபரேஷன்ஸ் பக்கம் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை, தொழிற்சாலைக்காரர்களுக்கானது என்று நினைத்து. ஒருமுறை சப்ளை செயின் வகுப்பில் பீர் கேம் விளையாடிப் பாருங்கள். 1960களில் எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டரின் குழுவில் பிறந்த விளையாட்டு அது. சில்லறைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், உற்பத்தியாளர் என்று நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து ஆர்டர் கொடுப்பார்கள். ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. வாடிக்கையாளரின் தேவை ஒரே ஒருமுறை கொஞ்சம் ஏறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன அசைவு மேலே போகப் போகப் பெருத்து, உற்பத்தியாளரின் கிடங்கில் சரக்கு மலையாகக் குவியும். நால்வரும் புத்திசாலிகள்தான், நால்வரும் ஒருவரையொருவர் திட்டுவார்கள். இதைச் சாட்டைச் சொடுக்கு விளைவு என்பார்கள். வாசித்துத் தெரிந்துகொண்டவருக்கு இது ஒரு வரைபடம். விளையாடியவருக்கு வாழ்நாள் நினைவு.

ரெவென்யூ மேனேஜ்மென்ட்டும் அதே துறையின் நல்ல பாடம். 1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியதும், முன்கூட்டியே வாங்குகிறவருக்கு எத்தனை இருக்கை மலிவாகத் தருவது, கடைசி நேரத்தில் ஓடி வருகிறவருக்கு எத்தனையைப் பிடித்து வைப்பது என்ற கேள்வியிலிருந்து வளர்ந்த துறை இது. இன்று ஓட்டல் அறை, வாடகை கார், விளம்பர இடம் என்று எங்கும் இருக்கிறது. கணக்குக்குப் பயப்படாதவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

ஃபைனான்ஸில் வேல்யுவேஷன் எல்லாருக்கும் பயன்படும். டெரிவேட்டிவ்ஸ் அப்படியல்ல. 1973இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் மூவரும் ஆப்ஷன் விலைக்குச் சூத்திரம் தந்த ஆண்டிலேயே சிகாகோவில் ஆப்ஷன் சந்தையும் திறந்தது; அழகான கதை, அழகான கணிதம். ஆனால் டிரேடிங் அல்லது இடர் மேலாண்மைக்குப் போகாதவருக்கு அந்த அழகை ரசிப்பது தவிர வேறு பயனில்லை. ரசிக்க வேண்டுமானால் ஒரு விடுமுறையில் ரசிக்கலாம்.

மார்க்கெட்டிங்கில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்ற பெயரைக் கண்டதும் கூட்டம் அலைமோதும். விளம்பரத் தளத்தை இயக்குவது எப்படி என்று சொல்லித்தரும் பாடமாக இருந்தால் விட்டுவிடுங்கள். திரையில் பொத்தான்கள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும், நிறுவனங்களே இலவசமாகச் சொல்லித்தருகின்றன. பிரைசிங் அப்படியல்ல. விலை நிர்ணயம் எல்லாத் தொழிலிலும் தலையாய முடிவு, அதை ஒழுங்காகச் சொல்லித்தருபவர்கள் குறைவு. கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அனலிடிக்ஸ், அதாவது தரவு ஆய்வுப் பாடங்களைப் பொறுத்தவரை, நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் பகுதியைத் தனியே செய்யலாம். எந்தக் கேள்வியைத் தரவிடம் கேட்க வேண்டும், கிடைத்த விடை எப்போது ஏமாற்றுகிறது என்று விவாதிக்கிற வகுப்பானால் எடுக்கலாம். எச்ஆர் துறையில் தொழிலாளர் சட்டமும் சம்பள அமைப்பும் அந்தத் துறைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம். மற்றவர்கள் ஆளெடுப்பு பற்றிய ஓர் அரைப் பாடம் எடுத்தால் போதும்.

தொழில்முனைவுப் பாடம் பற்றி எப்போதும் ஒரு கேலி உண்டு: தொழில் தொடங்குவதை வகுப்பில் சொல்லித்தர முடியுமா என்று. ஹார்வர்டில் மைல்ஸ் மேஸ் 1947இல் இப்படியொரு பாடத்தை முதன்முதலில் நடத்தியபோது 188 பேர் சேர்ந்தார்கள். பலர் போரிலிருந்து திரும்பியவர்கள். ஸ்டான்ஃபோர்டில் படித்த ஃபில் நைட், சிறுதொழில் பற்றிய வகுப்புக்காக எழுதிய கட்டுரையில் ஜப்பானிய ஓட்டக் காலணிகள் ஜெர்மானியக் காலணிகளுக்குப் போட்டியாக வர முடியுமா என்று அலசினார். அதுதான் பின்னால் நைகி ஆனது. எல்லாருடைய டெர்ம் பேப்பரும் நிறுவனமாகாது. ஆனால் மனதில் ஓர் எண்ணம் ஏற்கெனவே இருந்தால், அதைத் துருவிப் பார்க்கக் கெடுவும் கேள்வி கேட்க ஓர் ஆசிரியரும் கிடைக்கிற இடம் இது. எண்ணமே இல்லாதவர் எடுத்தால் யாரோ ஒருவருடைய செயலித் திட்டத்துக்கு ஸ்லைடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான்காம் படி: பெயரைப் பார்க்காதீர்கள், ஆசிரியரையும் பாடத்திட்டத் தாளையும் பாருங்கள்

பெஞ்சமின் கிரஹாம் கொலம்பியாவில் 1928 முதல் பங்கு ஆய்வு வகுப்பு நடத்திவந்தார். பின்னால் பெரும் முதலீட்டாளரான வாரன் பஃபெட் கொலம்பியாவுக்கு விண்ணப்பித்ததே கிரஹாமும் டேவிட் டாடும் அங்கே பாடம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான். பாடத்தின் பெயரைப் பார்த்துப் போகவில்லை, ஆளைப் பார்த்துப் போனார்.

ஒரே பாடத்தை இரண்டு பேர் எடுத்தால் அது இரண்டு பாடம். சீனியர்களிடம் "நல்லா இருக்குமா?" என்று கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் "ஓகே" என்பார்கள். "ஆறு மாதம் கழித்து அந்த வகுப்பிலிருந்து என்ன நினைவிருக்கிறது?" என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசினால் அந்தப் பாடம் நல்ல பாடம். மதிப்பெண் தாராளம் என்பதை மட்டும் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள்.

பாடத்திட்டத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது மதிப்பெண் பகிர்வு. ஒரு நிறுவனத்தின் உண்மைச் சிக்கலை எடுத்து விவாதிக்கிற கேஸ் முறையில் நடக்கும் வகுப்புகளில் பாதி மதிப்பெண் வரை வகுப்பில் பேசுவதற்கே போகலாம். தயங்கித் தயங்கிப் பேசுகிறவர் இப்படிப்பட்ட பாடங்களை ஒரே டெர்மில் மூன்று எடுத்தால் தவித்துப் போவார்; ஒன்று எடுத்தால் பேசக் கற்றுக்கொள்வார். அடுத்து, குழு வேலையின் பங்கு. அதற்கடுத்து, கடைசி நான்கு வாரங்களின் தலைப்புகள். முதல் வாரங்கள் எல்லாப் பாடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆசிரியர் உண்மையில் எதைச் சொல்ல வருகிறார் என்பது பிற்பாதியில்தான் தெரியும்.

ஐந்தாம் படி: வாரங்களை எண்ணுங்கள்

ஐரோப்பியக் கல்லூரிகளின் பொதுக் கிரெடிட் முறையான இசிடிஎஸ் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து. ஆறு கிரெடிட் பாடம் என்றால் 150 முதல் 180 மணி. அது பன்னிரண்டு வாரத்தில் முடிகிறதென்றால் வாரத்துக்கு பன்னிரண்டரை முதல் பதினைந்து மணி நேரம். ஐந்து பாடம் சேர்த்தால் வாரம் அறுபதுக்கு மேல். இதன் நடுவில்தான் வேலைக்கான நேர்காணலும் வரும். உங்கள் கல்லூரியின் கிரெடிட் கணக்கு வேறாக இருக்கலாம். கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் முக்கியம்.

குழு வேலையின் கெடு நாட்களைத் தனியாக ஒரு நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். எனக்கு ஒரு டெர்மில் மூன்று குழு அறிக்கைகள் ஒரே வெள்ளிக்கிழமை. மூன்று குழுவிலும் தலா ஒருவர் கையெழுத்து மட்டும் போட வந்தவர். அந்த வாரத்தை இன்னும் மறக்கவில்லை. ஒரு டெர்மில் குழு அறிக்கை உள்ள பாடம் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது அன்றிலிருந்து நான் சொல்லும் அளவு.

ஆறாம் படி: இடம் பிடிப்பது

எது வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கிடைக்குமா? நல்ல பாடத்தில் அறுபது இடம் இருக்கும், நூற்றைம்பது பேர் கேட்பார்கள். இதைப் பங்கிடப் பல முறைகள் உண்டு, உங்கள் கல்லூரியில் எது என்று தெரியாமல் உள்ளே போகாதீர்கள்.

ஒன்று, பிடிங், அதாவது புள்ளிகளை வைத்து ஏலம் கேட்பது. ஒவ்வொருவருக்கும், உதாரணத்துக்கு, ஆயிரம் புள்ளி தருவார்கள். வேண்டிய பாடங்கள்மேல் அதைப் பிரித்து வைக்க வேண்டும். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஜெயித்தால் நான் வைத்த புள்ளி முழுவதும் போய்விடுமா, இல்லை, ஜெயித்தவர்களில் குறைவாக வைத்தவரின் அளவுதான் எல்லாரிடமும் கழியுமா? இரண்டுக்கும் உத்தி வேறு. வைத்தது முழுவதும் போகும் என்றால், போன ஆண்டு அந்தப் பாடம் 310 புள்ளியில் முடிந்திருந்தால் 600 வைப்பது ஊதாரித்தனம். 350 வைத்து மிச்சத்தைக் காப்பாற்றுங்கள். கடைசி அளவுதான் கழியும் என்றால், அந்தப் பாடம் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்போ அதைத் துணிந்து வைக்கலாம். போன ஆண்டு எண்ணை நம்புவதற்கு முன், இந்த ஆண்டும் அதே ஆசிரியர்தானா, அதே நேரமா, எத்தனை பிரிவு என்று பாருங்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு மாறிய பாடத்தின் விலை விழுந்துவிடும். அது உங்களுக்கு லாபம், எழுந்திருக்க முடிந்தால்.

கடைசி டெர்மில் மிஞ்சும் புள்ளி செல்லாக்காசு. இதை மறந்து கடைசி வரை சேமித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது. ஹார்வர்டில் மாணவர்கள் விருப்ப வரிசை தருவார்கள்; குலுக்கலில் வந்த வரிசைப்படி முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம், அடுத்த சுற்றில் வரிசை தலைகீழ். பொருளாதார ஆய்வாளர்கள் எரிக் புடிஷும் எஸ்டெல் கான்டியோனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதுவதில்லை, கூட்டம் அதிகம் சேரும் பாடத்தை மேலே தூக்கிப் போடுகிறார்கள் என்று காட்டினார்கள். நடைமுறையில் இதன் பொருள்: யாரும் சீண்டாத பாடம்தான் உங்கள் முதல் விருப்பம் என்றால் அதை முதலிடத்தில் போட்டு வாய்ப்பை வீணாக்க வேண்டாம், மூன்றாவது இடத்திலும் கிடைக்கும். பந்திக்கு முந்த வேண்டிய இடத்தில் மட்டும் முந்துங்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் கல்லூரி 2013இல் வேறு வழிக்குப் போனது. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் நீங்கள் தரும் மதிப்பைச் சொன்னால் போதும், கணினியே எல்லாருக்கும் கால அட்டவணை போட்டுத் தரும். இப்படிப்பட்ட முறையில் தந்திரம் செய்ய முயன்றால் நட்டம் உங்களுக்கே. மனதில் இருப்பதை எழுதுங்கள்.

எந்த முறையானாலும், கேட்ட ஐந்தில் மூன்று கிடைத்தால் நல்ல நாள். ஆகவே இரண்டாம் பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். வெறுப்பில், இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக எதையோ எடுப்பவர்கள்தான் அதிகம்.

ஏழாம் படி: முதல் வாரம்

பாடத்தைச் சேர்க்கவும் விடவும் சில நாள் அவகாசம் தருவார்கள். வெயிட்லிஸ்டில், அதாவது காத்திருப்போர் பட்டியலில், ஐந்தாவதாக இருந்தாலும் முதல் வகுப்புக்குப் போய் உட்காருங்கள். முதல் வாரத்தில் விலகுகிறவர்கள் எப்போதும் உண்டு. வராதவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் ஆசிரியர்களும் உண்டு. எடுத்த பாடத்திலும் முதல் வகுப்பு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று நடந்தது முழுவதும் ஸ்லைடில் இருந்ததா? ஆம் என்றால், அந்த ஸ்லைடை வாங்கிக்கொண்டு வேறு வகுப்பைத் தேடலாம்.

பட்டியலில் இல்லாத இரண்டு வழிகள்

சட்டம், பொறியியல், பொதுச் சுகாதாரம் போன்ற பக்கத்துத் துறைகளில் ஒன்றிரண்டு பாடம் எடுக்கப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கும். மருத்துவமனை நிர்வாகத்துக்குப் போகிறவர் பொதுச் சுகாதார மாணவர்களோடு ஒரு டெர்ம் உட்கார்வது, எம்பிஏ வகுப்பில் மூன்று பாடம் எடுப்பதைவிட மேல். ஆனால் அவர்களுடைய டெர்ம் வேறு தேதியில் தொடங்கும், தேர்வு மோதும். முன்பே பார்த்துவிடுங்கள்.

மற்றது, ஓர் ஆசிரியரின் கீழ் தனி ஆய்வு. கிரெடிட் கிடைக்கும், வகுப்பு இருக்காது. இதற்கு ஆசிரியரைத் தேடுவதை டெர்ம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். "உங்கள் கீழ் ஏதாவது செய்ய விரும்புகிறேன்" என்று போனால் எந்த ஆசிரியரும் நேரம் தர மாட்டார். ஒரு பக்கத்தில் கேள்வி என்ன, தரவு எங்கே கிடைக்கும், டெர்ம் முடிவில் கையில் என்ன இருக்கும் என்று எழுதிக் கொண்டுபோங்கள். முதல் சந்திப்பில் அவர் அந்தக் கேள்வியைப் பாதியாகக் குறைத்துத் தருவார், ஒப்புக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாரத்துக்கு அந்தப் பாதியே அதிகம்.